செயல்நினைவிலும் கவனத்திலும் தனியாள் வேறுபாடுகள்

செயல்நினைவு என்பது ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே அதற்கு வேண்டிய செய்திகளைச் சில நொடிகள் மனத்தில் இருத்தி, அவற்றைக் கையாளவும் துணைசெய்யும் உளத் திறன் ஆகும். 47ஐயும் 38ஐயும் தாளின்றிக் கூட்டும் ஒருவர், முதலில் 7ஐயும் 8ஐயும் கூட்டி 15 எனக் காண்கிறார். 5ஐ நினைவில் நிறுத்தி, எஞ்சிய 1ஐப் பத்துகளின் இடத்துக்குக் கொண்டுசெல்கிறார். பின்னர் இரண்டையும் சேர்த்து 85 என விடை சொல்கிறார். இடையில் யாரேனும் கூப்பிட்டால் கணக்கு கலைந்துவிடுகிறது. அவ்வாறு கலைவது எல்லோருக்கும் நேரும் எனினும் எல்லோருக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. இந்த ஏற்றத்தாழ்வையும், அது கவனத்துடன் கொண்டுள்ள தொடர்பையும் ஆராய்வது அறிதிறன் உளவியலின் முக்கியமான பிரிவுகளுள் ஒன்றாகும்.

பள்ளியில் ஒரு குழந்தை "கவனமில்லாதது" என்றோ "மந்தம்" என்றோ முத்திரை குத்தப்படுவதற்கும் இத்துறை ஆய்வுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எனவே இவ்வேறுபாடுகள் எதனால் எழுகின்றன, எவ்வளவு தூரம் நிலையானவை என்பன ஆய்வகத்துக்கு வெளியேயும் பொருட்படுத்த வேண்டிய கேள்விகள்.

கருத்தின் வரலாறு

1887இல் இலண்டனில் ஜோசப் ஜேக்கப்சு என்பவர் பள்ளி மாணவர்களிடம் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் செய்தார். பிழையின்றித் திருப்பிச் சொல்லக்கூடிய மிக நீண்ட வரிசையின் அளவு எண் வீச்சு எனப்பட்டது. இச்சோதனை பின்னர் நுண்ணறிவுச் சோதனைகள் பலவற்றில் ஓர் உறுப்பாகச் சேர்க்கப்பட்டது. 1956இல் அமெரிக்க உளவியலாளர் ஜார்ச்சு மில்லர் குறுகிய கால நினைவின் அளவு ஏறத்தாழ ஏழு உருப்படிகள், இரண்டு கூடலாம் அல்லது குறையலாம் என எழுதினார். இன்றும் பாடநூல்கள் பலவற்றில் இந்த ஏழு என்ற எண்ணே காணப்படுகிறது. ஆனால் மனத்துக்குள் உச்சரித்துப் பார்ப்பதையும், உருப்படிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக்கொள்வதையும் தடுத்துவிட்டால் எஞ்சுவது மூன்று முதல் ஐந்து உருப்படிகளே என்று நெல்சன் கோவன் 2001இல் காட்டினார்.

செயல்நினைவு என்ற சொல்லை மில்லரும் அவருடைய உடனாய்வாளர்களும் 1960இலேயே பயன்படுத்தியுள்ளனர். எனினும் அதற்குத் தெளிவான வடிவம் தந்தவர்கள் பிரித்தானியாவைச் சேர்ந்த ஆலன் பேட்லியும் கிரகாம் இட்சும் ஆவர். 1974இல் அவர்கள் முன்வைத்த மாதிரியில் ஒலி வடிவச் செய்திகளைச் சுழலவிட்டுக் காப்பது ஓர் உறுப்பு; காட்சிகளையும் இடங்களையும் வைத்திருப்பது மற்றோர் உறுப்பு; இவ்விரண்டையும் மேற்பார்வையிட்டு, கவனத்தை எங்கே செலுத்துவது என முடிவு செய்வது மூன்றாவதான மைய நிருவாகி. 2000இல் பேட்லி நான்காவது உறுப்பு ஒன்றையும் சேர்த்தார். மைய நிருவாகி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தொடக்கத்தில் அவர்கள் விரிவாக விளக்கவில்லை. தனியாள் வேறுபாடுகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வளர்ந்தன.

அளவிடும் முறைகள்

எண் வீச்சு அதிகமுள்ளவர் வாசித்துப் புரிந்துகொள்வதிலும் சிறந்திருப்பார் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அத்தொடர்பு எதிர்பார்த்த அளவுக்கு வலுவாக இல்லை. 1980இல் மெரடித் டேன்மனும் பாட்ரிசியா கார்பென்டரும் இதற்கு ஒரு மாற்றுச் சோதனையை அமைத்தனர். பங்கேற்பவர் தொடர்பற்ற வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாக உரக்க வாசிக்க வேண்டும். ஒரு தொகுதி முடிந்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் நினைவுகூர வேண்டும். இது வாசிப்பு வீச்சுச் சோதனை எனப்படும். கல்லூரி மாணவர்களே ஆயினும் பெரும்பாலோரால் இரண்டு முதல் ஐந்து வாக்கியங்களுக்கு மேல் தாங்க முடியவில்லை. அம்மதிப்பெண் வாசிப்புத் திறனுடன் மிக நெருங்கிய ஒட்டுறவு காட்டியது. அந்த முதல் ஆய்வில் பங்கேற்றவர்கள் 20 பேர் மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் ஒட்டுறவு குறைவாகவே இருந்தது. ஆயினும் தொடர்பு மறைந்துவிடவில்லை.

1989இல் மேரிலின் டர்னரும் ரான்டல் எங்கிளும் வாக்கியங்களுக்குப் பதிலாகச் சிறு கணக்குகளைப் பயன்படுத்தினர். கணக்கு சரியா தவறா எனச் சொல்லிவிட்டு, அதனருகே உள்ள சொல்லை நினைவில் கொள்ள வேண்டும். கணக்குச் செய்துகொண்டே பெற்ற நினைவு மதிப்பெண்ணும் வாசிப்புப் புரிதலுடன் ஒட்டுறவு காட்டியது. இதிலிருந்து, இச்சோதனைகள் வாசிப்புக்கென்றே உரிய ஒரு திறனை மட்டும் அளப்பதில்லை என்பது புலனாயிற்று. இடையூறு ஒன்று கவனத்தை இழுக்கும்போதும் வேண்டியதை விடாமல் பற்றியிருக்கும் பொதுத் திறன் ஒன்றை இவை அளக்கின்றன எனலாம்.

முன்னறிவின் துணையின்றிப் புதிய சிக்கல்களைத் தீர்க்கும் நுண்ணறிவோடு இத்திறனுக்குள்ள உறவு நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. 2005இல் ஒரே ஆய்விதழில் வெளிவந்த இரு கட்டுரைகள் ஒட்டுறவுக் கெழுவை முறையே ஏறத்தாழ 0.48 எனவும் 0.72 எனவும் மதிப்பிட்டன. கணக்கிடும் முறை வேறுபட்டதே இந்த இடைவெளிக்குக் காரணம். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் செயல்நினைவும் நுண்ணறிவும் ஒன்றல்ல. ஆனால் நெருங்கிய உறவுடையவை.

பெட்டியின் அளவா, வாயிற்காவலா?

செயல்நினைவு குறைந்தவர் என்றால் சிறிய பெட்டியை உடையவர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் எங்கிளும் அவருடைய மாணவர்களும் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். வேறுபாடு பெரிதும் கவனக் கட்டுப்பாட்டில் உள்ளது என்பது அவர்கள் கருத்து.

இதற்குச் சான்றாக அமைந்தது 2001இல் மைக்கேல் கேனும் பிறரும் வெளியிட்ட ஓர் ஆய்வு. திரையின் ஒரு பக்கத்தில் ஒளி மின்னும். பங்கேற்பவர் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். நினைவில் வைக்க இங்கே பட்டியல் ஏதும் இல்லை. மின்னிய பக்கமே பார்க்க வேண்டியிருந்தபோது வீச்சு கூடியவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் வேறுபாடு தோன்றவில்லை. எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டியிருந்தபோது குறைந்த வீச்சுடையோர் கூடுதலாகத் தவறினர், மெதுவாகவும் செயல்பட்டனர். கண்ணைத் தன் விருப்பத்துக்குக் கட்டுப்படுத்தும் இடத்தில் மட்டும் வேறுபாடு வெளிப்பட்டது குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டில் ஆண்ட்ரூ கான்வே, கோவன், மைக்கேல் பன்டிங் ஆகியோர் நடத்திய ஆய்வு இன்னும் சுவையானது. இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சு ஒலிக்கும்போது ஒரு காதின் பேச்சை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். புறக்கணிக்கப்படும் காதில் பங்கேற்பவரின் பெயர் ஒலித்தால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதைக் கவனித்துவிடுகிறார் என்று நெவில் மோரே 1959இலேயே கண்டிருந்தார். அந்த ஒருவர் யார் என்பதே கேள்வி. நினைவு கூர்மையானவர்தான் தன் பெயரைக் கண்டுகொள்வார் எனத் தோன்றலாம். முடிவு அதற்கு எதிராக இருந்தது. குறைந்த வீச்சுடையோரில் 65 விழுக்காட்டினரும், கூடிய வீச்சுடையோரில் 20 விழுக்காட்டினருமே தம் பெயரைக் கேட்டனர். கூடிய வீச்சுடையோர் வேண்டாததை வெளியே நிறுத்திவிடுவதில் வல்லவர்களாக இருந்தனர்.

மூளையின் மின்னலைகளும் இக்கருத்துக்கு இசைவாக உள்ளன. 2005இல் எட்வர்டு வோகலும் உடனாய்வாளர்களும், சிவப்புப் பட்டைகளின் சாய்வை மட்டும் நினைவில் கொண்டு நீலப் பட்டைகளை விட்டுவிடுமாறு பங்கேற்பாளர்களிடம் கூறினர். இரண்டு சிவப்பும் இரண்டு நீலமும் காட்டப்பட்டபோது, கொள்திறன் கூடியோரின் மூளை இரண்டு உருப்படிகளை வைத்திருப்பது போன்ற அலையைக் காட்டியது. குறைந்தோரின் மூளை நான்கு உருப்படிகளை வைத்திருப்பது போன்ற அலையைக் காட்டியது. அதாவது அவர்கள் வேண்டாத நீலத்தையும் சேர்த்தே சுமந்தனர். பெட்டி சிறியது என்பதை விட, வாயிலில் காவல் தளர்ந்துள்ளது என்பதே இங்குப் பொருந்தும் உவமை.

இவ்விளக்கத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கிளவுசு ஓபராயர் போன்றோர், உருப்படிகளை அவற்றுக்குரிய இடத்தோடும் வரிசையோடும் தற்காலிகமாகப் பிணைக்கும் திறனே அடிப்படை என வாதிட்டனர். செயலாக்க விரைவையே முதற்காரணமாகக் கூறுவோரும் உளர்.

கவனத்தை அளப்பதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. 1935இல் ரிட்லி இசுட்ரூப் வெளியிட்ட சோதனையில் "சிவப்பு" என்ற சொல் நீல மையில் எழுதப்பட்டிருந்தால் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். சொல்லை வாசிக்கும் பழக்கம் குறுக்கிடுவதால் விடை தாமதமாகும். ஏறக்குறைய எல்லோரிடமும் இத்தாமதம் தோன்றுகிறது. அதனாலேயே இது புகழ்பெற்ற சோதனை ஆயிற்று. ஆனால் எல்லோரிடமும் ஒரேபோல் தோன்றும் விளைவு, ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட உதவாது. இவ்வகைக் கவனச் சோதனைகள் பலவற்றை அதே ஆட்களிடம் மீண்டும் நடத்தியபோது, முன்பு பெற்ற தரவரிசை நன்கு நிலைக்கவில்லை என்று கிரெய்க் எட்சும் பிறரும் 2018இல் எடுத்துக்காட்டினர். ஒரே ஒரு கணினிச் சோதனையை வைத்து ஒருவரின் கவனத்துக்கு மதிப்பெண் இடுவோர் இதனை மறக்கலாகாது.

அன்றாட வாழ்வில்

2007இல் கேனும் பிறரும் 124 கல்லூரி மாணவர்களிடம் கையடக்கக் கணினிகளைக் கொடுத்தனர். ஏழு நாட்கள், நாளொன்றுக்கு எட்டு முறை கருவி ஒலிக்கும். அக்கணத்தில் மனம் செய்யும் வேலையில் இருக்கிறதா, வேறெங்கேனும் அலைகிறதா என மாணவர் பதிய வேண்டும். ஏறத்தாழ 30 விழுக்காட்டு வேளைகளில் மனம் அலைந்துகொண்டிருந்தது. வேலை கடினமாகவும் முயற்சி வேண்டுவதாகவும் இருந்தபோது, செயல்நினைவு கூடியவர்களின் மனம் குறைவாகவே அலைந்தது. எளிய வேலைகளில் இந்த நன்மை காணப்படவில்லை.

கூடிய திறன் எப்போதும் ஆதாயமே என்று கொள்வதும் பிழை. 2005இல் சையன் பெய்லாக்கும் தாமசு காரும் பழக்கமற்ற கணக்குகளைக் கொடுத்து, பின்னர் பரிசு, பிறர் எதிர்பார்ப்பு ஆகியவற்றால் அழுத்தத்தைக் கூட்டினர். அழுத்தமில்லாதபோது முன்னணியில் இருந்த கூடிய செயல்நினைவினர், அழுத்தத்தில் மற்றவர்களின் நிலைக்கு இறங்கினர். குறைந்த செயல்நினைவினரின் மதிப்பெண் ஏறக்குறைய மாறவில்லை. முன்னவர்கள் நினைவைப் பெரிதும் வேண்டும் வழியில் கணக்கிட்டு வந்தனர். கவலை அந்த நினைவின் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. பின்னவர்கள் தொடக்கத்திலிருந்தே குறுக்குவழிகளைக் கையாண்டதால் இழப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. தேர்வுக்கூடத்தில் நன்கு படிக்கும் மாணவர் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

வகுப்பறையில்

பிரித்தானியாவில் சூசன் கேதர்கோல், திரேசி அலோவே ஆகியோர் பள்ளிக் குழந்தைகளின் செயல்நினைவை விரிவாக ஆராய்ந்தனர். 2009இல் வெளியான ஆய்வில் 5 முதல் 11 வயது வரையுள்ள 3,189 குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் மிகக் குறைந்த செயல்நினைவு காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியிருந்தனர். ஆசிரியர்கள் இக்குழந்தைகளைப் பற்றி எழுதியபோது நினைவைக் குறையாகச் சொல்வது அரிது. கவனம் சிதறுகிறது, தன் வேலையைத் தானே சரிபார்ப்பதில்லை என்றே மதிப்பிட்டனர்.

இத்தகைய குழந்தையிடம் "புத்தகத்தை மூடிப் பையில் வைத்துவிட்டு, நீல நிற ஏட்டை எடுத்து, நேற்று எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தேதியைப் போடு" என்றால், அது புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டுச் சும்மா நிற்கக்கூடும். கீழ்ப்படிய மறுப்பதாக ஆசிரியர் நினைக்கலாம். உண்மையில் கட்டளையின் பிற்பகுதி அதன் மனத்தை விட்டு நழுவியிருக்கும். நழுவியதைத் தானாக மீட்க வழியில்லை. மீண்டும் கேட்டால் திட்டு விழும் என்ற அச்சமும் இருக்கும். கட்டளைகளைச் சுருக்கிப் பிரித்துச் சொல்வது, படிகளைப் பலகையில் எழுதி வைப்பது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று குழந்தையையே திருப்பிச் சொல்லச் செய்வது ஆகியவை ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் எளிய வழிகள். கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு உள்ள குழந்தைகளிடமும் செயல்நினைவு குறைவாக இருப்பது உண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. குறைந்த செயல்நினைவுடைய குழந்தைகள் பலர் துடுக்கோ ஆரவாரமோ இன்றி அமைதியாக அமர்ந்திருப்பார்கள். அதனாலேயே அவர்கள் கண்ணில் படுவதில்லை.

செயல்நினைவு குழந்தைப் பருவம் முழுவதும் வளர்ந்து, முதுமையில் குறைகிறது. ஒரே வயதினரிடையேயும் வேறுபாடு பெரிது. ஆகவே ஒரு வகுப்பில் உள்ள அனைவருக்கும் ஒரே நீளக் கட்டளை பொருந்தாது.

சோதனை மொழியின் பங்கு

வேல்சு மொழி பேசும் குழந்தைகள் எண் வீச்சுச் சோதனையில் ஆங்கிலக் குழந்தைகளைவிடக் குறைவாகப் பெற்று வந்தனர். 1980இல் நிக் எல்லிசும் ஆர். ஏ. என்னெல்லியும் இரு மொழியும் அறிந்தவர்களைச் சோதித்து, வேல்சு எண்ணுப்பெயர்களை உச்சரிக்கக் கூடுதல் நேரம் பிடிப்பதே காரணம் எனக் கண்டனர். மனத்துக்குள் உச்சரிப்பதைத் தடுத்தபோது இரு மொழிகளுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்தது. ஒலி வடிவச் செய்தி சில நொடிகளில் மங்கிவிடுவதால், விரைவாக உச்சரிக்கக்கூடிய சொற்களே கூடுதலாகத் தங்குகின்றன.

தமிழுக்கும் இது பொருந்தும் செய்தி. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எழுத்துத்தமிழ்ப் பெயர்களில் மொத்தம் 20 உயிரொலிகள் உள்ளன. ஆங்கிலத்தில் அதே ஒன்பது பெயர்களில் 10 மட்டுமே. உச்சரிக்கும் விரைவு இந்த எண்ணிக்கையால் மட்டும் முடிவாவதில்லை என்றாலும், ஆங்கிலக் குழந்தைகளுக்கென வகுத்த அளவுகோலைத் தமிழில் சோதிக்கப்படும் குழந்தைக்கு அப்படியே பயன்படுத்துவது முறையாகாது.

கரும்பு உழவர்கள் பற்றிய ஆய்வு

மேலே கூறியவை ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடுகள். ஒரே ஆளிடம் காலத்துக்குக் காலம் நேரும் வேறுபாடும் அதே அளவுக்குக் கருதத்தக்கது. இதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் ஆய்வு தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் நடைபெற்றது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் சாஃபிர், சியாயிங் சாவோ ஆகியோர் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவை 2013இல் வெளியிட்டனர்.

கரும்பு உழவருக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அறுவடைக்குப் பின் ஒரே முறையில் கிடைக்கிறது. அதற்கு முந்தைய மாதங்கள் கையில் காசற்றவை. நகையோ பொருளோ அடகுக் கடைக்குப் போகும் காலம் அது. ஆலைகளின் அரவைத் திறனுக்கேற்ப வெட்டும் நாள் உழவருக்கு உழவர் மாறுவதால், ஒரே மாதத்தில் சிலர் பணம் பெற்றவர்களாகவும் சிலர் பெறாதவர்களாகவும் இருப்பர். எனவே பருவகாலத்தின் விளைவைப் பணத்தின் விளைவிலிருந்து பிரித்தறிய முடிந்தது. வாசிக்கத் தெரியாதோரும் இருந்தமையால் இசுட்ரூப் சோதனையில் நிறப்பெயர்களுக்குப் பதில் எண்கள் பயன்படுத்தப்பட்டன. அறுவடைக்கு முன் அதை முடிக்கச் சராசரியாக 146 நொடிகள் ஆயின. பின்னர் 131 நொடிகள். வடிவப் புதிர்களில் சரியான விடைகள் சராசரியாக 4.35இலிருந்து 5.45ஆக உயர்ந்தன. ஆள் அவரே, அவருடைய மனத்தில் கடன் பற்றிய நினைப்பு பிடித்திருந்த இடமே மாறியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இரண்டாம் முறை எழுதுவதால் வந்த பழக்கமே இம்முன்னேற்றத்துக்குக் காரணமாகலாம் என்ற மறுப்பு எழுந்தது. இதை எதிர்பார்த்து, 100 உழவர்களை முதன்முறையாக அறுவடைக்குப் பின்னரே ஆய்வாளர்கள் சோதித்திருந்தனர். அவர்களிடமும் அதே போக்கு காணப்பட்டது. அதே வேளை, அமெரிக்காவில் குறைந்த வருமானத்தினரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. சில நாள் நெருக்கடியும் பல மாத நெருக்கடியும் ஒன்றல்ல என்பதால் இரு முடிவுகளும் ஒன்றையொன்று முற்றிலும் மறுப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை.

பயிற்சியால் கூட்ட முடியுமா?

2002இல் சுவீடனைச் சேர்ந்த தோர்க்கெல் கிளிங்பெர்க்கும், 2008இல் சூசன் யேகியும் அவருடைய குழுவினரும், கணினிப் பயிற்சியால் செயல்நினைவு உயர்வதாகவும் அதன் பயன் பொது நுண்ணறிவுக்கும் பரவுவதாகவும் அறிவித்தனர். மூளைப் பயிற்சி விளையாட்டுகள் பெரும் வணிகமாயின. ஆனால் தக்க ஒப்பீட்டுக் குழுவுடன் தாமசு ரெடிக்கும் பிறரும் 2013இல் நடத்திய ஆய்வில் நுண்ணறிவு உயரவில்லை. 2016இல் 87 வெளியீடுகளைத் திரட்டிய தொகுப்பாய்வு, பயிற்சி செய்த வேலையிலும் அதனை ஒத்தவற்றிலும் முன்னேற்றம் உண்டு, வாசிப்பு, கணக்கு, பொது நுண்ணறிவு ஆகியவற்றில் நம்பத்தக்க முன்னேற்றம் இல்லை என முடித்தது. அதே ஆண்டில் லூமோசிட்டி விளையாட்டுகளை விற்ற நிறுவனம், ஆதாரமற்ற விளம்பரம் செய்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள 20 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

பயிற்சி எதை மாற்றுகிறது என்பதை 1980இல் ஆண்டர்சு எரிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நன்கு விளக்குகிறது. ஒரு கல்லூரி மாணவர் ஏறத்தாழ 230 மணி நேரப் பயிற்சியில் தம் எண் வீச்சை 7இலிருந்து 79ஆக உயர்த்தினார். அவர் ஓட்டப்பந்தய வீரர். எண்களை ஓட்ட நேரங்களாகக் கொத்துக்கட்டிக்கொண்டார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தவுடன் அவருடைய வீச்சு ஏறத்தாழ 6ஆக இறங்கிவிட்டது. உத்தி வளர்ந்தது, அடிப்படைக் கொள்திறன் இருந்த இடத்திலேயே இருந்தது.

தமிழகத்தில் வழங்கிவந்த அவதானக் கலையையும் இங்கே நினைவுகூரலாம். அவதானம் என்னும் சொல்லுக்கே கவனம் என்பது பொருள். தமிழில் கவனகம் என்றும் கூறுவர். ஒரே அமர்வில் எட்டுச் செய்திகளைக் கையாள்பவர் அட்டாவதானி, நூற்றைக் கையாள்பவர் சதாவதானி. கோட்டாறு செய்குத்தம்பி பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தினார். வெண்பாவின் ஈற்றடிக்குப் பாடல் முடிப்பது, கணக்குக்கு விடை சொல்வது, முதுகில் விழும் பொருள்களை எண்ணிக்கொண்டிருப்பது போன்றவை இக்கலையின் கூறுகள். யாப்பும் இலக்கியமும் பல்லாண்டுப் பயிற்சியால் மனத்தில் ஊறியிருப்பதால், அவதானி ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே சுமக்க வேண்டியதில்லை. முன்பே உள்ள சட்டகத்தில் மாட்டி வைத்துக்கொள்ள முடியும். ஓட்டப்பந்தய மாணவரின் எண்களைப் போலவே இதையும் நீண்டகால நினைவின் துணையோடு இயங்கும் தேர்ச்சியாகக் கருதலாம். ஆயினும் அவதானிகளை வாசிப்பு வீச்சு போன்ற சோதனைகளைக் கொண்டு அளந்து பார்த்தாலன்றி, அவர்களின் அடிப்படைச் செயல்நினைவு மற்றவர்களினும் கூடியதா என்பதை அவர்களின் அரங்கேற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.